அஞ்சு கோடும் டிக்டிக் டீச்சரும்

...குதிக்கணுமாம் தம்பி. ஸ்வரம் படிக்கிறதுக்குக் குதிக்கணுமாம். கண்ணு இருக்கு, காகிதம் இருக்கு, காகிதத்துல அஞ்சு கோடு இருக்கு, கோட்டு மேல புள்ளி இருக்கு. பாத்தோமா படிச்சோமான்னு போக வேண்டியதுதானே? இதுக்குக் கால் எதுக்கு? நீங்களே சொல்லுங்க... இல்ல இல்ல, நீங்க வேலையைப் பாருங்க. நான் உங்களைத் தொந்தரவு பண்ணல. நான் பாட்டுக்கு இப்படி ஓரமா உக்காந்திருக்கேன். பியானோவுக்குச் சுருதி சேக்கும்போது ரூம்ல சத்தம் இருக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமா பாட்டு டீச்சரா இந்த ரூம்ல கிடக்குறேன். போன தடவை சுருதி சேக்க வந்தவர்கூட உதட்டுல விரலை வெச்சு வெச்சுக் காட்டினாரு. பாவம், அவருக்குக் காதுல ஏதோ கோளாறு போல. பாதி வேலையில கிளம்பிப் போயிட்டாரு.

எங்க விட்டேன்? ஆங், குதிக்கிறது. தரையைப் பாத்தீங்களா? மிதிச்சுக்கிட்டுத்தானே வந்தீங்க. ஜன்னல் பக்கம் நம்ம பியானோ, எதிர்ப்பக்கம் வாசல், நடுவுல குறுக்கால அஞ்சு வெள்ளை டேப். இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு பிள்ளை நிக்கிற அளவுக்கு இடம். இது யாரு வேலைங்கிறீங்க? துள்ளல் டீச்சர் வேலை. பேரு நான் வெக்கலப்பா, பிள்ளைங்க வெச்சது. புதுசா வந்த பாட்டு டீச்சர். ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமா போட்டிருக்காங்க, நல்லா செஞ்சா நிரந்தரம். எனக்கும் பேரு வெச்சிருக்குதுங்க, தெரியும். டிக்டிக் டீச்சர். தாளம் தப்பினா பென்சிலால மேசையில தட்டுவேன், அதுக்காக. இருபத்தாறு வருஷ உழைப்புக்கு ரெண்டு டிக்கு. இருக்கட்டும்.

மொத நாள் வந்தவ என்ன பண்ணா தெரியுமா? பெஞ்சையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டா. சரி, போடல, வராண்டாவுல அடுக்கி வெச்சா. வராண்டான்னா வெளியதானே? அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு, தரையில மண்டி போட்டு டேப் ஒட்டுறா. கருப்புத் துணியில இந்தாம்பெரிய கிளெஃப் ஒண்ணு வெட்டி, கோட்டோட ஆரம்பத்துல ஒட்டுறா. உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்றேன், அஞ்சு கோட்டுல எது மேல, எது கீழன்னு படிக்கிறவனுக்குக் காட்டுற குறி அது. சுருண்டு சுருண்டு இருக்குமே. பிள்ளைங்க அதைக் காதுன்னு சொல்லும். அதுவும் அவ பழக்கினதுதான். காதைப் பாத்துட்டுக் கோட்டைப் பாருங்கன்னு பாட்டாவே பாடி வெச்சிருக்கா.

விளையாட்டு ஒண்ணா ரெண்டா? தவளை விளையாட்டு. இவ ஸ்வரத்தோட பேரைச் சொல்லுவா, பிள்ளைங்க அந்தக் கோட்டுக்குத் தாவணும். மணல் பை விளையாட்டு. சின்னத் துணிப் பையில மணலை நெரப்பி வெச்சிருக்கா, சொன்ன கோட்டுல போடணும். அப்புறம் மீன் புடிக்கிற விளையாட்டு, காந்தம் கட்டின குச்சியால ஸ்வரத்தை மீன் மாதிரி தூக்கணும். வீட்டுல வேலை இருக்கா இல்லையான்னே தெரியல, ராவும் பகலும் வெட்டி ஒட்டுறா. அதுக்கு மேல வாசக்காவல் விளையாட்டு. வாசல்ல நின்னுக்கிட்டு ஒரு அட்டையைக் காட்டுவா, அதுல இருக்குற ஸ்வரத்தைச் சொன்னாத்தான் உள்ள விடுவா. ஒருநாள் நான் என் கண்ணாடியை எடுக்க வரேன், என்கிட்டயே அட்டையை நீட்டுறா. சிரிச்சுக்கிட்டு. என்கிட்ட! நான் பதில் சொல்லுவேனா? வாயை மூடிக்கிட்டு வராண்டாவுல நின்னேன். கடைசில ஒரு வாண்டு வந்து, பாவம் மிஸ், டிக்டிக் டீச்சரை விட்டுடுங்க, அவங்க படிச்சுட்டு வரலைன்னு சிபாரிசு பண்ணுது.

இந்த ஒரு கட்டையையே எத்தனை நேரம் தட்டுவீங்க? டங்கு டங்குன்னு. என்ன, நான் பேசுறது சுருதியில கலக்குதா? என் குரல் சுத்தமான 'லா' தம்பி, நீங்க சுருதிக்குத் தட்டுற அதே ஸ்வரம். சின்ன வயசுலயே சொல்லியிருக்காங்க. நீங்க அதை வெச்சே சேத்துடலாம்.

சத்தம்னா சத்தம் அப்படி ஒரு சத்தம். கீழ் ரூம் கணக்கு வாத்தியார் வந்து, டீச்சர், உங்க தவளைங்க மேல குதிச்சுக் கீழ என் பின்னக் கணக்கைக் கெடுக்குதுன்னு புலம்பினாரு. நான் சொன்னேன், என் தவளை இல்ல சார், எல்லாம் புது வரவுன்னு. ஆனா ஒண்ணு தம்பி. பாட்டு வகுப்புக்கு ஓடி வர்ற பிள்ளையை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. இருபத்தாறு வருஷத்துல, பாட்டு வகுப்பு முடிஞ்சு ஓடுற பிள்ளையைத்தான் பாத்திருக்கேன். இவ வந்தப்புறம் மணி அடிச்சதும் படியில தடதடன்னு ஏறி வருதுங்க. இந்த ரூமுக்கு. அதுல எனக்கென்ன, வரட்டும்.

ஆடுன காலு சும்மா இருக்குமா? தவளை எப்படித் தாவணும்னு காட்டுறேன்னு துள்ளல் டீச்சர் அஞ்சாவது கோட்டுல இருந்து ரெண்டாவது கோட்டுக்கு ஒரே தாவு. அங்க ஒரு மணல் பை கிடந்திருக்கு. வழுக்கி, கணுக்கால்ல எலும்பு முறிஞ்சு போச்சு. ஐயோ பாவம்னு நானும்தான் சொன்னேன், கல்லு மனசா எனக்கு? கைக்குழந்தைக்காரி வேற. புருஷனுக்கு வேலை எங்கயோ தூரத்துல, மாசம் ஒரு தடவை வருவாரு. ஆறு வாரம் கால்ல மாவுக்கட்டோட படுத்துட்டா. அப்போ இந்த வகுப்பு யாரு தலையில விழுந்துச்சு? ஹெட்மிஸ் என்னைக் கூப்பிட்டு, டீச்சர், அவங்க பிள்ளைங்களையும் நீங்களே பாத்துக்கங்க, ஆனா விளையாட்டு முறையை மாத்திடாதீங்க, பெத்தவங்களுக்கெல்லாம் அது புடிச்சிருக்குன்னுட்டாங்க. பெத்தவங்களுக்குப் புடிச்சா அவங்களே வந்து குதிக்க வேண்டியதுதானே?

மாட்டேன்னு சொல்லல நான். கடமைன்னா கடமை. எனக்கு முட்டி மடங்காது, அதனால பியானோ பக்கத்துல இந்த நாற்காலியைப் போட்டுக்கிட்டேன். பிள்ளைங்க எப்பவும் போல வாசப் பக்கம் சுவரோரமா வரிசையா உக்காரும். மொத நாளே ரூமைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணேன். திரைச்சீலை அழுக்கா இருந்துச்சு, துவைக்கப் போட்டேன். மணல் பையை எண்ணிப் பெட்டியில வெச்சேன். கிளெஃபைத் தலைகீழா ஒட்டி வெச்சிருந்தா, பெருக்குற அம்மாவை விட்டு உரிச்சு, கோட்டோட மறுமுனையில நேரா ஒட்ட வெச்சேன். மீன் புடிக்கிற குச்சியெல்லாம் கட்டி அலமாரி மேல போட்டுட்டேன். ரூம் ரூமா ஆச்சு.

அப்புறம் ஆரம்பிச்சேன். மணல் பை விளையாட்டுத்தான், எனக்கு உக்காந்துக்கிட்டே நடத்தலாம். 'மீ'ங்கிற ஸ்வரம் எங்க இருக்கு? எது கீழ்க்கோடோ அங்க இருக்கு. போடுங்க பையைன்னேன். தம்பி, நான் பொய் சொல்லல, இருபத்திமூணு பிள்ளையில இருபத்திரெண்டு தப்பு. அத்தனையும் வாசப் பக்கத்துக் கோட்டுல கொண்டு போய்ப் போடுது. கீழ்க்கோடு இதோ என் காலடியில இருக்கு, கண்ணு எங்க இருக்கு உங்களுக்குன்னு கேட்டேன். 'ஃபா'ன்னா மேல்கோடு, அதைக் கொண்டாந்து என் காலடியில போடுது. எல்லாமே மாறாட்டம். நடுக்கோடு ஒண்ணுதான் சரி. நாலு மாசமா இவ இதைத்தான் சொல்லிக் குடுத்தாளான்னு எனக்கு அப்படி ஒரு... சரி, சந்தோஷம்னே வெச்சுக்கங்களேன்.

ஒரு வாண்டு எழுந்து நின்னு, டீச்சர், காது தலைகீழா இருக்குங்குது. உன் தலைதான் தலைகீழா இருக்குன்னேன். இன்னொண்ணு, மிஸ் எங்களுக்கு இந்தப் பக்கம்னுதான் சொன்னாங்கன்னு வாதாடுது. மிஸ் சொன்னதை மறந்துடுன்னேன். தப்பாப் போட்டவங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுச் சுவத்தைப் பாத்து நிக்கணும். மொத வாரம் வகுப்பே சுவத்தைப் பாத்துத்தான் நின்னுச்சு. டிக்டிக்னு தட்டி, அழுதா அழட்டும்னு விட்டு, ஆறு வாரத்துல அத்தனையையும் வழிக்குக் கொண்டாந்தேன். கடைசி வாரம் ஒரு பை தப்பா விழல. 'மீ'ன்னா என் காலடி, 'ஃபா'ன்னா அந்தக் கடைசி. சொல்லி வெச்ச மாதிரி விழும். அடிச்சு வளத்தாத்தான் தம்பி. அடிக்கல, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

என்ன தலையைச் சொறியுறீங்க? கம்பி அறுந்துடுச்சா? இல்லையா. சரி.

நீங்க ஒருத்தர்தான் நான் சொல்றதைப் பொறுமையா கேக்குறீங்க. எங்க வீட்டுக்காரர் இருக்காரே, காதுல மெஷின் போட்டிருக்காரு, நான் வாயைத் தொறந்ததும் அதைக் கழட்டிச் சட்டைப் பையில வெச்சுக்குவாரு. போன மாசம் நாத்தனார் வீட்டுக்குப் போறோம். அவரு வண்டியைப் பின்னால எடுக்குறாரு, நான் பின்னாடி நின்னு அவருக்கு எதிர்ல இருந்து வழி சொல்றேன். இடது பக்கம் ஒடிங்க, இடது இடதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன். ஒடிச்சாரு, நேரா பக்கத்து வீட்டுக்காரங்க பூந்தொட்டி மேல. இறங்கி வந்து கேக்குறாரு, உன் இடதா, என் இடதான்னு. இடதுல என்னங்க உன்னுது என்னுதுன்னு கேட்டேன். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம், உனக்கு எப்பவும் உன் பக்கம்தான் நேரு, அடுத்தவன் நிக்கிற இடத்துல ஒரு நிமிஷம் நின்னு பாத்திருக்கியான்னாரு. தொட்டியை உடைச்சது இவரு, பேச்சு வாங்குறது நானு. இதுக்குப் பேருதான் குடும்பம்.

அதை விடுங்க, விஷயத்துக்கு வரேன். முந்தாநாள் பெத்தவங்க கூட்டம். கீழ பெரிய ஹால்ல. அன்னைக்கிக் காலையிலதான் துள்ளல் டீச்சர் கக்கத்துல கட்டையை வெச்சு ஊனிக்கிட்டு ஆறு வாரம் கழிச்சு வரா. மாடி ஏற முடியாது, நேரா ஹாலுக்குப் போய் ஓரமா உக்காந்துட்டா. ஒவ்வொரு பிள்ளையா மேடைக்கு வந்து, ஹெட்மிஸ் குடுக்குற அட்டையில இருக்குற ஸ்வரத்தைப் படிச்சு, தட்டினா மணி மாதிரி ஒலிக்கிற சின்னக் கட்டை வரிசையில வாசிச்சுக் காட்டணும். இவ போட்ட ஏற்பாடுதான். என் பிள்ளைங்க தானா படிக்கும், யாரும் பாடிக் காட்ட வேண்டாம்னு வருஷ ஆரம்பத்துலயே சவால் விட்டவ.

மொதப் பிள்ளை வந்துச்சு. படியேறுற பாட்டு, கீழ இருந்து ஒவ்வொண்ணா மேல போகுது. அந்தப் பிள்ளை மேல இருந்து ஒவ்வொண்ணா கீழ இறங்குது! ரெண்டாவது பிள்ளையும் அதே. மூணாவதும் அதே. ஏறணும்னா இறங்குது, இறங்கணும்னா ஏறுது. யாரோ ஒரு அப்பா பின் வரிசையில இருந்து, படியே மாறிப் போச்சுப்பான்னு சிரிச்சாரு. அவ்வளவுதான், ஹாலே சிரிக்குது. ரெண்டு பிள்ளைங்க இன்னும் மோசம், அட்டையையே தலைகீழா புடிச்சுதுங்க. ஹெட்மிஸ் புடுங்கி, நேரா திருப்பிக் குடுத்தாங்க. அதுல ஒண்ணு, இப்படிப் புடிச்சாத்தான் எங்க ரூம் மாதிரி இருக்குன்னு அழுதுச்சு. எங்க போய் முட்டிக்கிறது?

ஆனா என் மானத்தைக் காப்பாத்தினவ ஒருத்தி இருக்கா. முன்பல்லு ரெண்டும் விழுந்தவ. வாயாடி, ஓயாம பேசுவா. யாரைப் பாத்துப் பழகிச்சோ தெரியல. அதனால ஆறு வாரமும் அதை மட்டும் தனியா இங்க, என் நாற்காலி பக்கத்துல, பியானோ காலடியில உக்கார வெச்சிருந்தேன். அது வந்துச்சு, அட்டையைப் பாத்துச்சு, ஒரு ஸ்வரம் பிசகாம ஏறி இறங்கிட்டுப் போச்சு. கைதட்டுன்னா கைதட்டு. நான் ஹெட்மிஸ்கிட்டச் சொன்னேன், பாத்தீங்களா, என் பக்கத்துல உக்காந்த ஒருத்திக்குத்தான் வந்திருக்கு, மத்ததெல்லாம் அவங்க விளையாட்டுல கெட்டதுன்னு. ஹெட்மிஸ் தலையாட்டினாங்க.

துள்ளல் டீச்சர் மூஞ்சியை நீங்க பாக்கணுமே. வெள்ளைத் துணி மாதிரி. நான் ஆறு வாரமா இங்க இல்லைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. டிக்டிக் டீச்சர்தான் எடுத்தாங்கன்னு என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டல. என் பிள்ளைங்கதான், நான் திரும்ப ஆரம்பத்துல இருந்து சொல்லிக் குடுக்குறேன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டா. அப்படி ஒரு திமிரு. அதுக்குப் பேரு திமிருதானே? நேத்து ராத்திரி வரைக்கும் எனக்கு அது பேரு என்னன்னே புரியல.

ஏன் தம்பி, அந்தக் காகிதத்து மேல திருப்புளியை வெக்காதீங்க, அது முக்கியமான காகிதம். இன்னைக்கு மூணு மணிக்கு ஹெட்மிஸ் ரூம்ல முடிவு பண்றாங்க, இவளை வெச்சுக்கிறதா அனுப்புறதான்னு. கூட இருந்து பாத்தவ நான், எழுத்து மூலமா அபிப்பிராயம் குடுங்கன்னாங்க. குடுத்துட வேண்டியதுதானே? படிக்கிறேன் கேளுங்க. "புதிய ஆசிரியை விளையாட்டு என்ற பெயரில் செய்த தவறினால், மாணவர்கள் அடிப்படையையே தலைகீழாகக் கற்றுள்ளனர் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." எப்படி? தலைகீழாகங்கிற வார்த்தைக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்கேன். எழுத்துல கொஞ்சம் வருத்தமும் சேத்திருக்கேன், இல்லாட்டி பொறாமைன்னு நினைப்பாங்க.

என்ன எழுந்துட்டீங்க? பையை எடுக்கவா? வாசல்கிட்டதானே வெச்சீங்க, போய் எடுத்துக்கங்க, டேப்ல வழுக்காம போங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா, பிள்ளைங்களுக்குப் பயம் வேணும்... என்ன அங்கயே நின்னுட்டீங்க? தரையில என்ன? ஏதாவது விழுந்துடுச்சா?

எது, கிளெஃபா? தலைகீழாவா? இல்லப்பா. நான்தானே நேரா ஒட்ட வெச்சேன். இங்க இருந்து பாருங்க, எவ்வளவு நேரா... உங்களுக்கு அங்க இருந்து...

உங்களுக்கு அங்க இருந்து தலைகீழா.

நகராதீங்க தம்பி. அங்கயே நில்லுங்க. உங்க காலுக்குக் கிட்ட இருக்குற கோடு, அது உங்களுக்கு மேலயா கீழயா? கீழ. எனக்கு அது மேல. என் காலடியில இருக்குறது எனக்குக் கீழ, உங்களுக்கு மேல. நடுவுல இருக்குறது ரெண்டு பேருக்கும் நடு. பிள்ளைங்க எங்க உக்காந்துச்சுங்க? நீங்க நிக்கிறீங்களே, அந்தச் சுவரோரமாத்தான். இருபத்திரெண்டும் அங்க, வாயாடி ஒருத்தி இங்க.

அடக் கடவுளே.

அப்போ மொத வாரம் அதுங்க போட்டதெல்லாம்... சரி. அத்தனையும் சரி. சரியாப் போட்ட பிள்ளைங்களைத்தான் சுவத்தைப் பாத்து நிக்க வெச்சேன். காது தலைகீழா இருக்குன்னு அது சொன்னது காதைப் பாத்துத்தான். அட்டையைத் தலைகீழா புடிச்ச ரெண்டும் ரூம்ல எப்படிப் பாத்துச்சோ அப்படிப் புடிச்சிருக்கு, விட்டிருந்தா காது இருக்குற முனையில இருந்து ஆரம்பிச்சுச் சரியா வாசிச்சிருக்கும். அவ ஒழுங்கா சொல்லிக் குடுத்ததை ஆறு வாரமா உக்காந்து ஒவ்வொண்ணா புடுங்கிட்டு, தலைகீழா நட்டு வெச்சிருக்கேன் நானு.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? கோடுன்னா எந்தப் பக்கம் பாத்தாலும் கோடாத்தான் இருக்கு. இதுதான் மேல இதுதான் கீழன்னு ஒரு எழுத்து எழுதி வெச்சிருந்தா... வெச்சிருந்தா. அந்தக் காது. அதுக்காகத்தான் வெச்சிருந்தா. அதைத்தான் உரிச்சுட்டேன். இல்ல தம்பி, எனக்கு முட்டி மடங்காது, இந்தக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பாத்திருந்தா... ஆறு வாரம். ஒரு தடவைகூடப் போகல. அந்த மனுஷன் உன் இடதா என் இடதான்னு கேட்டப்போ நான் எப்படிக் கத்தினேன்.

பொறாமைதான் தம்பி. அப்புறம் என்னங்கிறேன்? படியில அதுங்க ஓடி வர்ற சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எனக்காக ஒண்ணு ஓடி வந்ததில்ல. இருபத்திரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்புப் பண்ணா, தப்பு எங்க இருக்குன்னு முட்டாளுக்குக்கூடத் தோணும். எனக்குத் தோணல. தோண விடல. சந்தோஷமா இருந்துச்சு, அதனால.

மணி என்ன? ரெண்டரையா? இருங்க, இந்தக் காதை உரிச்சுடுறேன். உரிச்சு அந்தப் பக்கம் ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது? அவ இன்னும் மாடி ஏறல, ரூமைப் பாக்கல. ஹெட்மிஸ் தரையைப் பாத்து நடக்குற ஆளே இல்ல. தம்பி, கொஞ்சம் அந்த ஓரத்தைப் புடிங்க... வேண்டாமா? நானே பண்றேன். ஐயோ, முட்டி. இந்தப் பசை விடாது போலிருக்கே. தோ, வருது, வருது...

இதைப் பாருங்க. கோட்டோட மறுமுனை, அவ மொதல்ல ஒட்டியிருந்த இடம். பசையில தூசி புடிச்சு, கருப்பா, காது காதாவே இருக்கு. ஆறு வாரமா இங்கயே இருந்திருக்கு. வெளியில இருந்து வந்த மொத ஆளு நீங்களே பாத்துட்டீங்க. எதை எங்க மறைக்கிறது?

நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல? நீங்க எதுக்குச் சொல்லப் போறீங்க, வேலைக்கு வந்தவரு. கைக்குழந்தைக்காரி, புருஷன் பக்கத்துல இல்ல, இந்த வேலையை நம்பித்தான்... நான் ஏன் உங்ககிட்ட இதைச் சொல்றேன்? தம்பி? பியானோ முடிஞ்சுதா? மேல் கட்டை ரெண்டு இன்னும்... தம்பி?

போயிட்டாரு. பையையும் காணோம். போன தடவை வந்தவராவது விரலை வெச்சுக் காட்டிட்டுப் போனாரு.

சரி. போகட்டும். இப்போ யாரு கேக்குறா, நான் யாருக்குச் சொல்றேன்? காகிதம் எங்க? பென்சில்... இங்க இருக்கு. டிக்டிக் டீச்சர் கையில பென்சில் இல்லாம இருக்குமா. படிச்சுப் பாத்தா காகிதத்துல எல்லாமே சரியாத்தான் எழுதியிருக்கேன். தலைகீழாத்தான் கத்துக்கிச்சுங்க. அடிப்படையேதான். வருத்தமும்தான், இப்போ. பேரு ஒண்ணுதான் தப்பு. "புதிய ஆசிரியை"யை அடிச்சுட்டேன். "விளையாட்டு என்ற பெயரில்" அதுவும் போச்சு. மேல... "நான்." அதுக்கு அடியிலயும் ரெண்டு கோடு போட்டாச்சு.

அது என்ன சத்தம்? படியில. டொக்... டொக்... கட்டை ஊனுற சத்தம். இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏறி வராளா?

யாரு, நீயா? எதுக்கும்மா ஏறி வந்த? மணல் பையை எடுக்கவா? மூணு மணி ஆகுறதுக்கு முன்னாடியே மூட்டை கட்டுறியா? வேண்டாம். பெட்டியிலயே இருக்கட்டும். இருபத்திமூணு, எண்ணித்தான் வெச்சிருக்கேன்... இல்ல, உள்ள வராத. கீழ பாக்காத. சரி, பாரு. நல்லாப் பாரு. நீ அங்கயே, பிள்ளைங்க உக்காருற இடத்துலயே நில்லு. ஒண்ணும் பேசாத. நீ பேசினா எனக்குப் பேச்சு வராது.

முட்டி மடங்காது, மெதுவாத்தான் தாண்டுவேன். அஞ்சு கோடுதானே. நான் அந்தப் பக்கம் வரேன்.